ஒரு கிழமை சென்னை: அம்மாவின் முழங்காலும் என் பட்டியலும்

கொக்குவிலான்

எல்லாருக்கும் வணக்கம். மார்கழிப் பள்ளிக்கூட விடுமுறையில் குடும்பமாகச் சென்னைக்குப் போகிறோம். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் ஏறி அங்கே இறங்குவது, ஏழு நாள் நிற்பது. ஆறு பேர்: நான், மனைவி, மூத்தவள் (14, வயலின் படிக்கிறாள்), சின்னவள் (9), அம்மா (71, முழங்கால் வருத்தம்), மனைவியின் தங்கை. தங்கைக்குத் தையில் கலியாணம். கூறைச் சேலை அங்கேதான் எடுக்க வேண்டுமாம்.

இதுவரை போட்ட திட்டம் இது. முதல் நாள் இறங்கின கையோடு மெரினா. இரண்டாம் நாள் திருப்பதி. மூன்றாம் நாள் காஞ்சிபுரம், அப்படியே திருவண்ணாமலை. நாலாம் நாள் மாமல்லபுரம், அப்படியே பாண்டிச்சேரி. ஐந்தாம் நாள் மியூசியம், வண்டலூர் மிருகக்காட்சிச்சாலை, கோட்டை, மயிலாப்பூர். ஆறாம் நாள் தி.நகர். ஏழாம் நாள் திரும்பல்.

ஏதும் விட்டுப்போச்சோ என்று பார்த்துச் சொல்லுங்கள்.

வளசை மருமகள்

விட்டுப்போனது நித்திரை.

கோபிக்காதீர்கள் தம்பி. நான் பிறந்தது மானிப்பாய், இருபது வருடமாக வளசரவாக்கத்தில் இருக்கிறேன். ஊரிலிருந்து வருகிற சொந்தம் எல்லாம் இதே பட்டியலோடுதான் வந்து இறங்கும். கணக்கை மட்டும் ஒருக்கால் பாருங்கள். திருப்பதி போக 135 கிலோமீற்றர், வர 135. காஞ்சிபுரம் வழியாகத் திருவண்ணாமலை போய்வர 380. பாண்டிச்சேரி போய்வர 300. கூட்டினால் 950. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய், திரும்பி வந்து, வீட்டு வாசலில் இறங்காமல் மறுபடி வவுனியா மட்டும் போனதுக்குச் சமம். அதை 71 வயது முழங்காலோடு அடுத்தடுத்த மூன்று நாளில் வானுக்குள் இருந்தபடி முடிக்கப் போகிறீர்கள். கடைசியில் வடிவாகப் பார்த்தது எது என்று கேட்டால், நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி என்பீர்கள்.

கொக்குவிலான்

சுங்கச்சாவடியை வாசித்ததும் மனைவி சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். சரி அக்கா, பாண்டிச்சேரியை விடுகிறேன். ஆனால் திருப்பதி? அவ்வளவு தூரம் போய்விட்டுப் பார்க்காமல் வருவதா?

மாடவீதிக்காரன்

சென்னையிலிருந்து எழுதுகிறேன் சார், மயிலாப்பூர். நீங்கள் வருகிற வாரத்தில்தான் வைகுண்ட ஏகாதசி. அந்தச் சமயத்தில் திருமலையில் கூட்டம் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தரிசன டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்திருந்தால்கூட வரிசையில் மணிக்கணக்காக நிற்க வேண்டும். முழங்கால் வலிக்காரரைக் கூட்டிக்கொண்டு போகிற நாள் அது இல்லை. பெருமாளைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி இருக்கிறார். அதுவும் ஏகாதசிக்கு முந்தின நாளோ அடுத்த நாளோ வேண்டாம்.

இன்னொன்று. எந்த இடம் எந்தக் கிழமை மூடியிருக்கும் என்று பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை கிடையாது. வண்டலூர், செவ்வாய் கிடையாது. மாமல்லபுரம் போகிற வழியில் முட்டுக்காடு தட்சிணசித்ராவும் செவ்வாய் விடுமுறை. முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை. கபாலீசுவரர் கோயில் நடை மத்தியானம் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். ஊரிலிருந்து வருகிற பாதிப் பேர் ஒரு மணி வெயிலில் குளத்தங்கரையில் உட்கார்ந்திருப்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

கொக்குவிலான்

கிழமைக் கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள், எங்களுக்குக் கிழமை என்றால் ஏழு நாளும்தான். மூன்றாவது வரியில்தான் பிடிபட்டது. நன்றி அண்ணை, குறித்துக்கொண்டேன்.

சுன்னாகம் சுரேன்

போன மாதம் போய் வந்தவன் என்ற முறையில் இடத்தை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

விசா: எங்கள் பாஸ்போர்ட்டுக்கு ஈ-விசா இருக்கிறது, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி, பிள்ளைகளுக்கும்தான். படம் சதுரமாக, பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும். பெயர், பிறந்த திகதி பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். எங்கள் ஆட்களின் தகப்பன் பெயர் முன்னுக்கு வருவதால் எது பெயர், எது குடும்பப் பெயர் என்று குழம்புவார்கள். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

தங்குமிடம்: வெளிநாட்டார் தங்கினால் விடுதிக்காரர் 24 மணித்தியாலத்துக்குள் அரசாங்கத்துக்கு இணையத்தில் அறிவிக்க வேண்டும். ஃபோர்ம் சி என்பார்கள். இந்தக் கரைச்சலுக்காகவே சில சின்ன லொட்ஜ்கள் இலங்கைப் பாஸ்போர்ட்டைக் கண்டதும் றூம் இல்லை என்றுவிடும். எனக்கு நடந்தது. இரவு பத்தரை மணி, பணம் கட்டின பதிவு கையில், பெட்டி வாசலில். ஆகவே பதியுமுன் தொலைபேசியில் எடுத்து, வெளிநாட்டாரை ஏற்பீர்களா என்று கேளுங்கள். சொந்தக்காரர் வீட்டில் நின்றாலும் வீட்டுக்காரர் அதே அறிவிப்பைச் செய்ய வேண்டும்.

காசு: அங்கே இளநீர்க்காரர்கூட ஃபோனில்தான் காசு வாங்குகிறார். இந்தியர் இங்கே வந்து யூபிஐயால் கட்ட 2024 இல் வசதி செய்தார்கள். அது வருகிறவர்களுக்குத்தான், போகிற எங்களுக்கு இல்லை. நூறு, ஐம்பது தாளாகக் கையில் வைத்திருங்கள். எங்கள் பிக்மீ டாக்சிச் செயலி அங்கே இல்லை, ஊபர் இங்குள்ள அதே கணக்கில் வேலை செய்யும்.

இருபாலை நங்கை

சுரேன் அண்ணா முக்கியமானதைச் சொல்லவில்லை. ஆம்பிளை அல்லவா.

தாலிக்கொடி! அம்மாவும் மனைவியும் கொடியைப் போட்டுக்கொண்டு போவார்கள் என்றால் யோசியுங்கள். எங்கள் கொடி பவுன் கணக்கில் கனம். சென்னைச் சுங்கத்தில் நிற்பவருக்கு அது கழுத்து நகையாகத் தெரியாது, கொண்டுவந்த தங்கமாகத் தெரியும். என் மாமியை ஒரு மணித்தியாலம் இருத்திவிட்டார்கள். அவ அழுத அழுகை அந்தப் பயணம் முழுக்க ஓயவில்லை. மெல்லிய சங்கிலியோடு போகச் சொல்லுங்கள், கொடி வீட்டிலோ வங்கியிலோ இருக்கட்டும்.

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி ரிக்கற் எடுக்கும்போதே கேட்க வேண்டும், விமான நிலையத்தில் போய்க் கேட்கக் கூடாது. பலாலிக்கு வருவது சின்ன ஏரிஆர் விமானம். ஏறுகிற படி விமானக் கதவோடு சேர்ந்தது, ஒடுங்கல், செங்குத்து. முழங்கால் வருத்தம் என்று முதலே சொல்லி வைத்தால் ஆள் பிடித்து ஏற்றுவார்கள். பெட்டிக்கு எத்தனை கிலோ என்பதை ரிக்கற்றில் பாருங்கள். கூறையோடு திரும்பி வரும்போது அந்தக் கிலோதான் உங்களோடு சண்டை பிடிக்கும்.

கொக்குவிலான்

கொடி விஷயம் அம்மாவிடம் சொன்னேன். கழற்ற மாட்டாவாம். அப்பா போய்ப் பத்து வருடம், கொடி என்று ஒன்றே இப்போது இல்லை, சும்மா என்னைக் கிண்டல் பண்ணுகிறா. மனைவியின் கொடி வீட்டில் நிற்கும்.

மாஸ்ரர் (ஓய்வு)

தம்பி, எல்லாரும் வானையும் சேலையையும் பற்றியே கதைக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது ஒன்று இருக்கிறது. மெரினாவில் கடலைப் பார்த்து நின்றுவிட்டுத் திரும்பினால் வீதிக்கு அந்தப் பக்கம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் கட்டடம் தெரியும். 1857 இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருமே எங்கள் ஆட்கள், சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும். தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் அந்தத் தாமோதரம்பிள்ளை. ஆறுமுக நாவலர் அச்சுக்கூடம் வைத்தது தங்கசாலைத் தெருவில். அந்தத் தெருவில் இப்போது நடக்கவே இடமில்லை, அங்கே போகச் சொல்லவில்லை, கோட்டைப் பக்கம் போகும்போது சொல்லிக்காட்டினால் போதும்.

கடற்கரைச் சிலைகள் இருக்கின்றன, கண்ணகி, ஔவையார், போப்பையர். அவை 1968 இல் இரண்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்கு வைத்தவை. அந்த மாநாடுகளைத் தொடக்கி வைத்த தனிநாயகம் அடிகள் ஊர்காவற்றுறைப் பக்கம், கரம்பொன். நாலாவது மாநாடு 1974 இல் எங்கே நடந்தது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். தெரியாவிட்டால் யாழ்ப்பாணத்து வீரசிங்கம் மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அதற்கு விசா தேவையில்லை.

திருவண்ணாமலையை மட்டும் வெட்டாதீர்கள். மார்கழி, திருவெம்பாவைக் காலம். மணிவாசகர் திருவெம்பாவை பாடியதே அங்கேதான். உங்கள் அம்மா அதற்காகத்தான் கேட்டிருப்பா.

வளசை மருமகள்

மாஸ்ரர், அதுவும் சரி. அப்படியென்றால் ஒரு இரவு அங்கே தங்கட்டும், காஞ்சிபுரத்தை விடட்டும். போய்ப் பார்த்து அதே இரவு திரும்புவது சரிவராது.

இருபாலை நங்கை

காஞ்சிபுரத்தை விடுவதா? கூறை?

வளசை மருமகள்

தி.நகரில் இல்லாத கூறையா?

இருபாலை நங்கை

தி.நகரில் மார்கழிக் கடைசியில், தைப்பொங்கல் வியாபாரத்துக்கு நடுவில், ரங்கநாதன் தெருவில் ஒரு கலியாணப் பெண்ணும் அவள் அக்காவும் நின்று நிதானமாகப் பட்டுப் பார்ப்பார்கள் என்று நினைக்கிறீர்களா அக்கா? காஞ்சியில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடைகள் இருக்கின்றன. ஒரு காலை போதும்.

கோர்வைச் சேலையா என்று கேளுங்கள். உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் வைத்து, மூன்று நாடா போட்டு, சேர்கிற இடத்தில் இழையோடு இழை கோர்த்து நெய்வது. சேலையைத் திருப்பிப் பிடித்துக் கரை சேர்கிற கோட்டில் நகத்தை ஓட்டினால் சின்னதாகத் தட்டுப்படும். அது இல்லாமல் ஒரே ஓட்டமாக வழுக்கினால் கோர்வை இல்லை. கடைக்காரரிடம் கூறை என்றால் விழிப்பார். முகூர்த்தப் புடவை என்று கேளுங்கள்.

மாடவீதிக்காரன்

காஞ்சிபுரம் போனால் கைலாசநாதர் கோயிலை விட்டுவிடாதீர்கள். பட்டுக்கடை பார்த்துவிட்டு எல்லாரும் காமாட்சியை மட்டும் கும்பிட்டுக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்மன் கட்டியது. கூட்டம் இருக்காது, படியும் அதிகம் இல்லை, அம்மா நிழலில் உட்காரலாம்.

மூத்த மகள் வயலின் என்றீர்களே, அதை ஏன் யாரும் பிடிக்கவில்லை? டிசம்பர் சீசன் சார்! மியூசிக் அகாடமி, நாரத கான சபா, பார்த்தசாரதி சபா என்று காலையிலிருந்து இரவு வரை கச்சேரி. காலையிலும் மத்தியானத்திலும் இளம் வித்வான்கள் பாடுவதற்குப் பல சபாக்களில் டிக்கெட் கிடையாது, போய் உட்கார்ந்தால் போதும். ஒரு முழு நாளை அதற்குக் கொடுங்கள். சபா கேன்டீனில் இலைபோட்டுச் சாப்பாடு உண்டு, பெரியவர்களை இழுப்பதற்கு அதுவே போதும். விடியற்காலை மாடவீதியில் பஜனை கோஷ்டி வரும். கோயிலில் திருவெம்பாவையும் ஓதுவார்கள்.

தங்குவதானால் மயிலாப்பூரோ தி.நகரோ எடுங்கள். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காக மயிலாப்பூரில் பல இடம் தோண்டிக் கிடக்கிறது, லஸ் பக்கம் ஆட்டோ சுற்றித்தான் போகும். ஓடுகிற மெட்ரோவில் எல்லா நிலையத்திலும் லிஃப்ட் இருக்கிறது. அம்மாவுக்கு ஆட்டோவைவிட அதுதான் சுகம்.

சுன்னாகம் சுரேன்

மழை? மார்கழியில் அங்கே வெள்ளம் என்று கேள்வி.

வளசை மருமகள்

2015 வெள்ளமும் 2023 புயலும் டிசம்பர் முதல் கிழமையில் வந்தவை. கடைசிக் கிழமை பெரும்பாலும் தப்பிவிடும். குடை கொண்டுவாருங்கள், பயப்பட வேண்டாம். குளிர் என்று சென்னைக்காரர் மஃப்ளர் கட்டிக்கொண்டு திரிவார்கள், அதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

கொக்குவிலான்

ஒரு திருப்பம். நேற்று இரவு புட்டு அவித்துக்கொண்டிருந்தபோது அம்மாவிடம் நேரடியாகக் கேட்டேன்: திருப்பதியா, திருவண்ணாமலையா, எது வேண்டும்? அவ சொன்னா, "நான் ஒண்டும் கேக்கேல்லையே. நீதான் ஒரு பேப்பரை வாசிச்சாய், நான் தலையை ஆட்டினன்."

பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "எழும்பூர் ஸ்ரேசன் இப்பவும் இருக்கோ?" என்றா.

அம்மா ஒன்பது வயதில், 1963 இல், தாத்தாவோடு சென்னைக்குப் போயிருக்கிறா. எனக்கு இது தெரியவே தெரியாது. ரெயினில் மதவாச்சி, அங்கே மாறித் தலைமன்னார், கப்பலில் தனுஷ்கோடி, அங்கிருந்து எழும்பூர். அந்த ஸ்ரேசனையும் கடற்கரையையும் பார்த்தால் போதுமாம். கடற்கரைச் சுண்டலும் வேண்டுமாம்.

மாஸ்ரர் (ஓய்வு)

போட் மெயில்! ரெயினும் கப்பலும் சேர்த்து 1914 இல் தொடங்கின வழி. 1964 மார்கழிப் புயலில் தனுஷ்கோடியே கடலோடு போனதோடு முடிந்தது. அம்மா கடைசிக்கு முந்தின வருடம் போயிருக்கிறா. தம்பி, திருவண்ணாமலையை விடுங்கள். எழும்பூருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மாடவீதிக்காரன்

எழும்பூர் 1908 இல் திறந்த நிலையம். சிவப்புக் கட்டடம் அப்படியே நிற்கிறது. சுற்றிலும் புதுப்பிக்கிற வேலை நடப்பதால் தகரம் அடித்திருப்பார்கள். அருங்காட்சியகம் பாந்தியன் சாலையில், ஆட்டோவில் ஐந்து நிமிடம். இரண்டையும் ஒரே நாளில் வையுங்கள், வெள்ளிக்கிழமை தவிர. உள்ளே வெண்கலக் கூடத்துக்கு முதலில் போங்கள். திருவெண்காட்டு அர்த்தநாரி அங்கே இருக்கிறார்.

கொக்குவிலான்

(போய் வந்து எழுதுகிறேன்.)

மூன்று நாள் முன்பு வந்து சேர்ந்தோம். சொல்லித் தந்த எல்லாருக்கும் நன்றி. வெளியூர்ப் பயணம் இரண்டே இரண்டு, காஞ்சிபுரமும் மாமல்லபுரமும். மற்றதெல்லாம் நகரத்துக்குள்.

கூறை காஞ்சியில் எடுத்தாயிற்று, அரக்கு உடல், பச்சைக் கரை. நகம் ஓட்டிப் பார்த்ததைக் கண்ட கடைக்காரர் எங்கே நெசவு படித்தீர்கள் என்று மச்சாளைக் கேட்டார். இருபாலை நங்கைக்கு அவ நன்றி சொல்லச் சொன்னா. கைலாசநாதரில் எங்களைத் தவிரப் பத்துப் பேர்கூட இல்லை.

மாமல்லபுரத்தில் ரிக்கற் எடுக்கிற இடத்தில் வெளிநாட்டார் வரிசையில் போய் நின்றேன், 600 ரூபாய்ப் பலகையைப் பார்த்தபடி. பின்னால் நின்ற ஒருவர் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, சார்க் நாட்டுக்காரருக்கும் 40 ரூபாய்தான், அந்தப் பக்கம் போங்கள் என்றார். இதை ஏன் ஒருத்தரும் இங்கே எழுதவில்லை? அர்ச்சுனன் தபசில் சின்னவள் பிடித்தது அர்ச்சுனனையும் இல்லை, யானையையும் இல்லை. கீழே ஒரு பூனை, ஒற்றைக்காலில் கையைத் தூக்கிக்கொண்டு தவம் செய்கிறது, காலடியில் எலிகள். அதன் முன்னால் அதே மாதிரிக் கையைத் தூக்கிக்கொண்டு அரை மணித்தியாலம் நின்றாள்.

பிழைவிட்டதும் உண்டு. ஒழுங்கு செய்த வான் ஒரு நாள் வரவே இல்லை, தொலைபேசியும் எடுக்கவில்லை. கபாலீசுவரர் கோயிலில் நான் நல்லூர்க் கந்தசாமி கோயில் ஞாபகத்தில் சேட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். சுற்றிப் பார்த்தால் எல்லா ஆம்பிளைகளும் சேட்டோடு நிற்கிறார்கள். திரும்பப் போடவும் வெட்கம், அப்படியே கும்பிட்டு முடித்தேன். அர்ச்சனைச் சீட்டு விலையைக் கேட்டுவிட்டு அம்மா, "நல்லூரில ஒரு ரூபாய்" என்று ஐயரின் காதில் விழும்படி சொன்னா.

தேத்தண்ணிக் கதை தனி. கடைக்காரர் அம்மாவிடம் "சர்க்கரை போடலாமாம்மா?" என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "தேத்தண்ணிக்குள்ள ஆரும் சர்க்கரை போடுவினமோ, சீனி இல்லையோ இவையிட்ட?" என்றா. வெல்லத்தைத்தான் நாங்கள் சர்க்கரை என்கிறோம் என்று அவருக்கு விளக்கி முடிக்கத் தேத்தண்ணி ஆறிப்போனது.

மூத்தவள் இரண்டு நாள் சபாவை விட்டு அசையவில்லை. அதனால் வண்டலூரும் கோட்டையும் போகவில்லை. தங்கசாலையை மாஸ்ரரின் பேரால் காரிலிருந்து காட்டினேன்.

எழும்பூருக்கு வியாழக்கிழமை போனோம். மேடைச் சீட்டு எடுத்து உள்ளே போய் வாங்கிலில் இருந்தோம். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "கார் உள்ளுக்க வந்து ரெயினுக்குப் பக்கத்தில நிண்டது" என்றா. மேடைக்குள் எப்படிக் கார் வரும், வயது போய்விட்டது, வேறு எதையோ நினைக்கிறா என்று நான் தலையை ஆட்டினேன். பக்கத்தில் நின்ற வயதான போர்ட்டர் ஒருவர் காதில் விழுந்திருக்க வேண்டும். "அம்மா சொல்றது சரிதாங்க, அந்தக் காலத்துல இங்க பிளாட்பாரத்துக்கு நடுவுல ரோடு இருந்துச்சு, காரு ரயிலு பெட்டிகிட்டயே வந்து நிக்கும்" என்று கையை நீட்டிக் காட்டினார். அம்மா எழும்பி அந்தப் பக்கம் நடந்தா. முழங்காலைப் பற்றி அன்றைக்கு ஒரு சொல் இல்லை.

மாஸ்ரர் (ஓய்வு)

மிகச் சந்தோஷம் தம்பி. ஒன்று மட்டும் அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் தலைமன்னாரிலிருந்து இர்வின், கோஷன் என்று இரண்டு கப்பல் ஓடியது. அவ போனது எதில்?

கொக்குவிலான்

கேட்டேன் மாஸ்ரர். கப்பலின் பெயர் தெரியாதாம். தனுஷ்கோடி மட்டும் சத்தி எடுத்துக்கொண்டு போனது ஞாபகம் இருக்காம்.